கிணற்றடியிலிருந்து ஆழ்கடல் வரை: வாசகர் கேள்வி-பதில்

மனிதரை ஏற்றிக்கொண்டு 6000 மீட்டர் ஆழம் போவதற்காகச் சென்னை தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிவரும் மத்ஸ்யா 6000 வாகனத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கடல் பக்கத்தில் இல்லாவிட்டாலும், தண்ணீருக்குள் ஆழமாகக் கருவி இறக்குவது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. கேள்விகளைப் படித்தாலே அது தெரியும்.

காரிமங்கலத்திலிருந்து ஒரு விவசாயி: ஐயா, எங்கள் தோட்டத்து போர் 900 அடி. மோட்டார் 750 அடியில் தொங்குகிறது. கடலுக்குள் போகிற வண்டிக்கு 80 மில்லிமீட்டர் கனத்தில் டைட்டானியக் கூடு வேண்டும் என்று எழுதினீர்கள். எங்கள் மோட்டாருக்கு மெல்லிய ஸ்டீல் குழாய்தானே? அது ஏன் நசுங்குவதில்லை?

இந்த ஒரு கேள்விக்குள் ஆழ்கடல் பொறியியலில் பாதி அடங்கியிருக்கிறது. முதலில் ஒரு கணக்கைச் சரிசெய்துகொள்வோம். மோட்டாரை அழுத்துவது 750 அடி ஆழம் அல்ல. அதன் தலைக்கு மேல் நிற்கும் தண்ணீர் மட்டும்தான். உங்கள் போரில் தண்ணீர் மட்டம் 500 அடியில் இருந்தால், மோட்டாருக்கு மேல் 250 அடி, அதாவது 76 மீட்டர் தண்ணீர் இருக்கிறது. 10 மீட்டருக்கு ஒரு பார் என்று வைத்தால் 7.6 பார். சதுர சென்டிமீட்டருக்கு ஏழரைக் கிலோவுக்குச் சற்று மேல்.

அடுத்து, மோட்டார் நசுங்காததன் காரணம். இறக்குவதற்கு முன் மெக்கானிக் மோட்டாரின் மேல் திருகைக் கழற்றி, குமிழி அடங்கும்வரை நல்ல தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். நம் ஊர் போர்வெல் மோட்டார்களில் பெரும்பாலானவை இப்படி உள்ளே தண்ணீர் நிரம்பியவை. அடிப்பாகத்தில் ரப்பர் டயாஃப்ரம் ஒன்று இருக்கும். வெளியே அழுத்தம் கூடினால் அது உள்ளே குழிந்து, உள்ளிருக்கும் தண்ணீரையும் அதே அழுத்தத்துக்குக் கொண்டுவந்துவிடும். மோட்டார் ஓடிச் சூடாகித் தண்ணீர் விரிந்தால் வெளியே பிதுங்கி இடம் கொடுக்கும். உள்ளேயும் வெளியேயும் ஒரே அழுத்தம் என்றால் நடுவில் இருக்கும் தகட்டுக்கு வேலையே இல்லை. அது மெல்லியதாக இருக்கலாம்.

ஆழ்கடல் வாகனங்களின் திரஸ்டர் (வாகனத்தைத் தள்ளும் மோட்டார் விசிறி), வால்வுப் பெட்டி, கேபிள் இணைப்புப் பெட்டி எல்லாம் இதே முறையில்தான் 6000 மீட்டர் போகின்றன. தண்ணீருக்குப் பதில் எண்ணெய் நிரப்புவார்கள். மின்சாரம் கசியாது, துருப்பிடிக்காது. டயாஃப்ரத்துக்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங் வைத்து, உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும்படி செய்வார்கள். சீல் எங்காவது விட்டால் எண்ணெய் வெளியே வரும், கடல்நீர் உள்ளே போகாது.

எண்ணெய் எவ்வளவு சுருங்கும் என்பதைக் கணக்கிடாமல் டயாஃப்ரம் போட்டால் ஆழத்தில் வம்பு. 600 பாரில் எண்ணெய் ஏறத்தாழ 4 சதவீதம் அமுங்கும். மேலே 30 டிகிரியிலிருந்து அடியில் 2 டிகிரிக்குப் போகும்போது குளிரால் இன்னொரு 2 சதவீதம். 5 லிட்டர் எண்ணெய் என்றால் 300 மில்லி குறையும். டயாஃப்ரம் அதைப்போல் இருமடங்காவது ஈடுகட்ட வேண்டும். எண்ணெய் ஊற்றும்போது மூலையில் 50 மில்லி காற்று தங்கிவிட்டால் அந்த 50 மில்லியும் ஆழத்தில் காணாமல்போய் டயாஃப்ரம் அடிதட்டிவிடும். அதனால்தான் வாக்குவம் வைத்துக் காற்றை உறிஞ்சிவிட்டு எண்ணெய் நிரப்புகிறார்கள்.

உங்கள் மோட்டாருக்கும் இது பொருந்தும். சரியாகத் தண்ணீர் நிரப்பாமல் இறக்கினால் அதன் பேரிங்குக்கு உயவு கிடைக்காமல் சீக்கிரம் தீய்ந்துபோகும்.

பிறகு எதற்கு டைட்டானியக் கூடு? மனிதரை எண்ணெயில் மிதக்கவிட முடியாது. கேமரா, கணினிப் பலகை, உள்ளே வெற்றிடம் கொண்ட குவார்ட்ஸ் கிரிஸ்டல் போன்றவையும் அழுத்தம் தாங்காது. எவற்றுக்கு நம் தரைக்காற்று வேண்டுமோ அவற்றுக்கு மட்டும் கெட்டிக் கூடு.

பாலக்கோட்டிலிருந்து பாலிடெக்னிக் மாணவர்கள்: எங்கள் கிராமத்துக் கிணறு 90 அடி. அதற்குள் இறங்கிப் பார்க்கும் கேமரா வண்டி செய்கிறோம். 110 மி.மீ. பிவிசி பைப், 6 கிலோ பிரஷர் ரகம் வாங்கியிருக்கிறோம். 6 கிலோ என்றால் 60 மீட்டர் தாங்கும்தானே?

தாங்காது. பைப்பில் அச்சிட்டிருக்கும் 6 கிலோ, உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தத்துக்கு உரியது. உங்கள் பெட்டியை அழுத்துவது வெளியிலிருந்து. உள்ளழுத்தத்தில் பைப்பின் சுவர் இழுபடும். வெளியழுத்தத்தில் சுவர் உடைவதற்கு வெகுமுன்பே வட்டம் குலைந்து, ஒரு பக்கம் உள்வாங்கிச் சப்பையாகிவிடும்.

வெர்னியர் வைத்துச் சுவரை அளந்துபாருங்கள். 4 மி.மீ. இருப்பதாக வைத்துக்கொள்வோம். பிவிசியின் மீள்மைக் குணகம் 3 கிகாபாஸ்கல். நீளமான குழாய்க்கான குலைவழுத்தச் சூத்திரத்தில் சுவர் கனத்தை நடு ஆரத்தால் வகுத்து, அதன் மும்மடியை எடுக்க வேண்டும். 4-ஐ 53-ஆல் வகுத்துக் கணக்குப் போட்டால் 3.8 பார் வருகிறது. அதுவும் பைப் பிசகில்லாத வட்டமாக இருந்தால். கடையில் வெயிலில் அடுக்கிவைத்த பைப் எதுவும் அப்படி இருக்காது. மூன்றில் ஒரு பங்குதான் நம்பலாம். ஆகவே 12 மீட்டர், 40 அடி. உங்கள் கிணறு நிரம்பியிருந்தால் அடியில் 2.7 பார். இந்தப் பைப்போடு அங்கே போகாதீர்கள்.

இதற்கு வழி விலையுயர்ந்த பைப் அல்ல, சின்னப் பைப். அதே 4 மி.மீ. சுவரோடு 63 மி.மீ. பைப் எடுத்தால் குலைவழுத்தம் 21 பாருக்கு மேல் போகிறது. விட்டம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததற்கு வலு ஐந்தரை மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. கேமரா, போர்டு, பேட்டரியை நீளவாக்கில் வரிசையாக அடுக்கப் பழகுங்கள். 110 மி.மீ. பைப்தான் வேண்டுமென்றால் உள்ளே 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, இறுக்கமாக உட்காரும் வளையங்கள் வெட்டிப் போடுங்கள். குலைவைத் தடுப்பது அந்த வளையங்கள்தான்.

முன்பக்கக் கண்ணாடிக்கு அக்ரிலிக் நல்லது. திறப்பு 80 மி.மீ. என்றால் 10 மி.மீ. கனம் வையுங்கள். 3 பாரில் அதில் வரும் தகைவு 6 மெகாபாஸ்கல்தான். 3 மி.மீ. தகடு போட்டால் அதே இடத்தில் 67 வரும், வெடித்துவிடும். அக்ரிலிக்கைத் தின்னர், ஸ்பிரிட் போட்டுத் துடைக்கக் கூடாது. அப்போதைக்குப் பளபளக்கும், சில நாளில் நூல் நூலாக வெடிப்பு ஓடும். சோப்புத் தண்ணீர் போதும்.

மாணவர் வண்டிகளில் தண்ணீர் புகும் இடம் பெரும்பாலும் கேபிள் நுழையும் துளைதான். துளையைச் சுற்றி எம்-சீல் அப்பினால் மட்டும் போதாது. கேபிளின் வெளியுறைக்கும் உள்ளே இருக்கும் வயர்களுக்கும் நடுவில் இடைவெளி உண்டு. வெளியில் எங்காவது உறை கீறியிருந்தால் தண்ணீர் அந்த இடைவெளி வழியாகவே ஊர்ந்து பெட்டிக்குள் வந்துவிடும். அதனால் பெட்டியின் வாயில் வெளியுறையை 2 சென்டிமீட்டர் உரித்து, வயர்களைப் பிரித்து, உறையை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, இன்னும் கெட்டியாகாத எபாக்சியை மெதுவாக ஊற்றுங்கள். ஒவ்வொரு வயரையும் எபாக்சி தனித்தனியாகச் சூழ வேண்டும். 24 மணி நேரம் அசைக்காதீர்கள்.

பெட்டியை மூடியதும் நேரே கிணற்றுக்குப் போகாதீர்கள். பைக் பிரேக்கில் காற்று எடுக்கும் கை வாக்குவம் பம்ப்பைப் பெட்டியின் துளையில் மாட்டி, 10 அங்குலப் பாதரச அளவுக்கு உறிஞ்சிவிட்டுக் கால் மணி நேரம் முள்ளைப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் கசிவு இருக்கிறது. சோதனை நிழலில் நடக்கட்டும். வெயில் பட்டால் உள்ளிருக்கும் காற்று விரிந்து கணக்கைக் கெடுக்கும்.

பிறகு எலக்ட்ரானிக்ஸ் எதுவும் வைக்காமல், உள்ளே டிஷ்யூ பேப்பர் சுற்றி, பாரம் கட்டி, நைலான் கயிற்றில் இறக்குங்கள். முதலில் 10 அடியில் அரை மணி நேரம். எடுத்துத் திறந்து பேப்பர் எங்கே நனைந்திருக்கிறது என்று பாருங்கள், கசிவின் இடம் அங்கே தெரியும். அடுத்து 30, அதற்கடுத்து 60. 10 அடியில் கசிந்தது 60 அடியில் நின்றுவிடலாம், வியப்படையாதீர்கள். ஆழத்தில் தண்ணீரே ஓ-ரிங்கை (மூடியை அடைக்கும் ரப்பர் வளையத்தை) அதன் பள்ளத்தின் ஓரத்தில் அழுத்தி இறுக்கிவிடும். மேலே அந்த உதவி கிடையாது. ஆகவே மேலோட்டச் சோதனையைத் தவிர்த்துவிட்டு ஆழத்துக்குப் போவது தவறு.

கரையிலிருந்து மின்சாரம் கொடுக்கும் யோசனை இருந்தால் இதையும் கணக்கில் எடுங்கள். 1 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் 50 மீட்டர் போய்வர 1.7 ஓம் தடை. 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுத்தால் எட்டரை வோல்ட் வழியிலேயே போய்விடும். திரஸ்டர் சுழலும் நொடியில் கேமரா அணைந்து அணைந்து எரிவது இதனால்தான். பேட்டரியை வண்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். 230 வோல்ட்டை எந்தக் காரணத்துக்காகவும் கிணற்றுக்குள் அனுப்பாதீர்கள். லித்தியம் பேட்டரி இருக்கும் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் வாயு சேர்ந்திருக்கும். மூடியை முகத்துக்கு நேராக வைத்துக் கழற்றக் கூடாது.

வண்டி அடியில் சிக்கிக்கொண்டால் பாதாளக்கரண்டி போட்டு எடுங்கள். யாரும் இறங்க வேண்டாம். பழங்கிணறுகளில் அடியில் பிராணவாயு குறைந்து ஆள் மயங்கி விழுவது இன்றும் நடக்கிறது.

ஓசூரிலிருந்து ஒரு லேத் பட்டறைக்காரர்: நீருக்கடியில் போகும் பெட்டிக்கு மூடி கடைந்து தரச் சொல்லி ஆர்டர் வருகிறது. ஓ-ரிங் பள்ளத்தின் அளவை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். எது சரி?

நிலையாக இருக்கும் மூடி, 3 மி.மீ. தடிமன் நைட்ரைல் ஓ-ரிங், கடினம் 70 ஷோர் என்று வைத்துச் சொல்கிறோம். மூடி பெட்டிக்குள் உட்கார்ந்த நிலையில் பள்ளத்தின் அடியிலிருந்து பெட்டியின் உட்சுவர் வரை 2.4 மி.மீ. இருக்க வேண்டும். பள்ளத்தின் அகலம் 4 மி.மீ. இப்படிச் செய்தால் ரிங் 20 சதவீதம் நசுங்கும், பள்ளத்தின் இடத்தில் முக்கால் பங்கை நிரப்பும். மீதி இடம் வீண் அல்ல. ரப்பர் அமுங்கினால் பக்கவாட்டில் விரியும், அதற்கு இடம் வேண்டும். இடமில்லாமல் இறுக்கினால் ரிங் பிதுங்கி, மூடி போடும்போதே சீவிக்கொண்டு போய்விடும்.

ரிங்கை 5 சதவீதத்துக்கு மேல் இழுத்துப் போடக் கூடாது, மெலிந்துவிடும். பள்ளத்தின் ஓரங்களை 0.2 மி.மீ. மழுக்குங்கள். பெட்டியின் வாயில் 15 முதல் 20 டிகிரிச் சரிவு கொடுங்கள். இது இல்லாத பெட்டியில் முதல்முறை மூடும்போதே ரிங் வெட்டுப்படும். மேற்பரப்பு 1.6 மைக்ரான் போதும். டூல் போன தடம் சுற்றுவாக்கில் இருந்தால் கெடுதலில்லை. நீளவாக்கில் நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் ஒன்று இருந்தாலும் அது தண்ணீருக்கு வாய்க்கால். இரண்டு ரிங் போடுங்கள்.

சிலிகான் கிரீஸ் பளபளப்பு வரும் அளவுக்கு மட்டும் தடவச் சொல்லுங்கள். அப்பினால் தூசியும் முடியும் அதில்தான் ஒட்டும். ரிங்குக்குக் குறுக்கே கிடக்கும் ஒரு தலைமுடி போதும், பெட்டிக்குள் தண்ணீர் வர.

கடலுக்குப் போகும் வேலை என்றால் 304 ஸ்டீல் வேண்டாம். ரிங்குக்கு அடியில் தேங்கும் உப்புநீரில் பிராணவாயு தீர்ந்து, அங்கே மட்டும் புள்ளிபுள்ளியாக அரிக்கும். வெளியே பார்த்தால் புதிதாகவே இருக்கும். 316 பரவாயில்லை. ஆனோடைஸ் செய்த 6061 அலுமினியம் இன்னும் எளிது. அதில் ஸ்டீல் போல்ட் போட்டால் உப்புநீரில் அலுமினியம்தான் கரையும். போல்ட்டுக்கு நைலான் வாஷர், வெளியே ஒரு துத்தநாகத் துண்டு, இரண்டும் கட்டாயம்.

அரூரிலிருந்து போர்வெல் கேமரா வைத்திருப்பவர்: என் கேமரா 1000 அடி போகிறது. இதைக் கடலில் இறக்கினால் வேலை செய்யுமா?

உங்கள் கேமரா எத்தனை அடி கேபிள் போனது என்பதை விடுங்கள், எத்தனை அடி தண்ணீருக்குள் போனது என்று பாருங்கள். 1000 அடி போரில் 600 அடியில் தண்ணீர் என்றால் கேமரா பார்த்தது 400 அடி, 12 பார். அதற்கு மேல் உத்தரவாதமில்லை.

போரில் இல்லாத தொல்லை கடலில் ஒன்று உண்டு, நீரோட்டம். 10 மி.மீ. தடிமன் கேபிள் 100 மீட்டர், விநாடிக்கு அரை மீட்டர் ஓட்டத்தில் குறுக்கே நின்றால் அதன் மேல் 15 கிலோவுக்கு மேல் இழுவிசை விழும். சிறிய திரஸ்டர் ஒன்றின் முழுவிசையே 5 கிலோ வாக்கில்தான். வண்டியை இழுப்பது கடலல்ல, அதன் வால். 4 மி.மீ. கேபிள் போட்டால் இழுவிசை 6 கிலோவாகக் குறையும். அதனால்தான் இந்தத் துறையில் கேபிளை மெலிதாக்குவதற்கு அவ்வளவு பாடுபடுகிறார்கள்.

விளக்கும் மாற வேண்டும். போரில் லென்ஸைச் சுற்றியே எல்இடி வளையம் இருக்கும், சுவர் மூன்று அங்குலத்தில் இருப்பதால் அது சரி. கலங்கல் தண்ணீரில் ஒரு மீட்டர் தள்ளிப் பார்க்க வேண்டுமானால் லென்ஸுக்கு முன்னால் மிதக்கும் தூசி அத்தனையும் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும். படம் முழுக்க வெள்ளைப் புள்ளியாகிவிடும். விளக்கை லென்ஸிலிருந்து ஓரடியாவது பக்கவாட்டில் தள்ளி, சாய்த்து வையுங்கள்.

உங்களிடம் வேறொரு உதவி இருக்கிறது. மோட்டார் எடுத்துவிட்ட ஆறரை அங்குல போர், சிறிய கருவிகளுக்கு நல்ல அழுத்தச் சோதனைக்கூடம். நான்கு அங்குலத்துக்குள் உருண்டையான, வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிராத கூடாக இருந்தால் இறக்கலாம். மோட்டார்க் குழாய் இறங்கியிருக்கும் போரில் ஒருபோதும் வேண்டாம்.

காவேரிப்பட்டினத்திலிருந்து ஓர் ஆசிரியை: செவ்வாயிலிருந்து படம் வருகிறது, கடலடியிலிருந்து ஏன் வயர் இல்லாமல் வீடியோ வருவதில்லை என்று மாணவர்கள் கேட்கிறார்கள்.

கடல்நீர் மின்சாரம் கடத்தும், கடத்தும் பொருளுக்குள் ரேடியோ அலை வேகமாக மடியும். அலைவரிசை கூடக் கூட இன்னும் வேகமாக. வைஃபை கடல்நீரில் சில சென்டிமீட்டர் தாண்டாது, உங்கள் ஊர்க் கிணற்றிலும் ஓரடிக்குள் முடிந்துவிடும். மிகத் தாழ்ந்த அலைவரிசை மட்டும் சற்றுத் தூரம் நுழையும். 20 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் ஏறத்தாழ ஒவ்வொரு 2 மீட்டருக்கும் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துகொண்டே போகும். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கும் ஐஎன்எஸ் கட்டபொம்மன் கடற்படை நிலையம் இந்த ரக அலையில்தான் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புகிறது. அந்த அலையில் எழுத்துச் செய்தி போகும், வீடியோ போகாது.

மிச்சமிருப்பது ஒலி. தண்ணீரில் விநாடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் ஓடும், காற்றைவிட நாலரை மடங்கு. இருந்தும் 6000 மீட்டர் ஆழத்துக்கு ஒரு கட்டளை போய்ப் பதில் வர 8 விநாடி ஆகும். சில கிலோபிட் வேகத்தில் படம் ஒவ்வொன்றாக வரலாம், அவ்வளவுதான்.

மாணவர்களுக்கு ஒரு கணக்குக் கொடுங்கள். 25 டிகிரி நன்னீரில் ஒலிவேகம் 1497 மீட்டர். 28 டிகிரி கடல்நீரில் 1540-ஐ ஒட்டி வரும். 1500 என்று அமைத்த ஆழமானி, 100 மீட்டர் கடலில் என்ன காட்டும்? 97 மீட்டர்தான் காட்டும். இதற்காகவே ஆய்வுக் கப்பல்கள் முதலில் வெப்பம், உப்பு, அழுத்தம் அளக்கும் கருவியை இறக்கி, ஆழவாரியாக ஒலிவேகத்தைக் கணக்கிட்ட பிறகே கடலடியை அளக்கத் தொடங்குகின்றன.

ஊத்தங்கரையிலிருந்து ஒரு வாசகர்: ஃபெஞ்சல் புயலில் எங்கள் ஊரில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டிகள் அடித்துக்கொண்டு போயின. கடலே இல்லாத ஊருக்கு இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது? கடலுக்குள் கருவி விட்டு என்ன பயன்?

50 சென்டிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 50 கோடி லிட்டர். அந்த ஈரம் கடலின் சூட்டில் கிளம்பியது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் அங்கேயே நெடுநேரம் அசையாமல் நின்று, பிறகு வலுக்குறைந்து மேற்கே வந்தது. காற்று தணிந்திருந்தது, ஈரம் தணியவில்லை.

புயல் வலுப்பெற மேல்நீர் 26.5 டிகிரியாவது இருக்க வேண்டும் என்பார்கள். வங்காள விரிகுடாவைப் புரிந்துகொள்ள அந்த எண் மட்டும் போதாது. பெருங்கடல்களில் புயல் காற்று கடலைக் கலக்கும்போது அடியிலிருக்கும் குளிர்நீர் மேலே வந்து புயலின் வலுவை ஓரளவு குறைத்துவிடும். வங்காள விரிகுடாவில் கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி கொண்டுவந்து கொட்டும் நன்னீரும் மழைநீரும் உப்புக் குறைந்த, லேசான படலமாக மேலே படர்ந்திருக்கின்றன. அதற்கடியில் சூடான, உப்பான இன்னொரு படலம். அதற்கும் கீழேதான் குளிர்நீர். மேலே லேசான நீர் இருப்பதால் காற்றால் ஆழமாகக் கலக்க முடிவதில்லை. குளிர் மேலே வராது, புயலுக்குச் சூடு கிடைத்துக்கொண்டே இருக்கும்.

செயற்கைக்கோள் பார்ப்பது கடலின் மேல்தோலை மட்டும். அடியில் சூடு எத்தனை மீட்டர் வரை இருக்கிறது என்று அறிய உள்ளே இறங்கித்தான் ஆக வேண்டும். உலகக் கடல்களில் ஏறத்தாழ 4000 ஆர்கோ மிதவைகள் இந்த வேலையைச் செய்கின்றன. ஆளுயர உருளை, திரஸ்டர் கிடையாது. கால் லிட்டர் அளவு எண்ணெயை உள்ளிருந்து வெளிப்புற ரப்பர்ப் பைக்குத் தள்ளினால் எடை மாறாமல் பருமன் கூடும், மேலே வரும். திரும்ப உறிஞ்சினால் இறங்கும். 1000 மீட்டர் ஆழத்தில் ஒன்பது நாள் வாக்கில் நீரோட்டத்தோடு போய், 2000 மீட்டருக்கு இறங்கி, அங்கிருந்து அளந்துகொண்டே மேலேறிச் செயற்கைக்கோளுக்குச் சொல்லிவிட்டு மறுபடி இறங்கும். 10 நாளுக்கு ஒரு சுற்று. கடல்மட்டத்துக்கு 5 மீட்டர் இருக்கும்போதே உப்பு அளவியின் பம்ப்பை நிறுத்திவிடும். மேலே மிதக்கும் எண்ணெய்ப் படலமும் அழுக்கும் அளவிக்குள் போனால் அதன் பிறகு காட்டும் உப்பளவு அத்தனையும் பிசகிவிடும்.

வங்கக் கடலில் நங்கூரமிட்ட மிதவைகளைச் சென்னை தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் பராமரிக்கிறது. தகவல்கள் ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையத்துக்குப் போகின்றன. அடுத்த புயல் ஊத்தங்கரைக்கு என்ன கொண்டுவரும் என்ற கணிப்பில் இந்த அளவுகளுக்கும் பங்குண்டு.

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்: 2023-ல் டைட்டானிக் பார்க்கப் போன டைட்டன் நீர்மூழ்கி வெடித்தது. மத்ஸ்யாவை எப்படி நம்புவது?

டைட்டன் வெளியே வெடிக்கவில்லை, உள்ளே நசுங்கியது. ஜூன் 18 அன்று ஐந்து பேர் இறந்தார்கள். அதன் உடல் கார்பன் ஃபைபர் உருளை, இரு முனையிலும் டைட்டானியக் கவிகை. கார்பன் ஃபைபர் இழுவைக்குப் பெயர்பெற்றது. அமுக்கத்தில் அதன் அடுக்குகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரியக்கூடும். ஒவ்வொரு பயணத்திலும் அந்தப் பிரிவு சிறிது வளரும், வெளியே தெரியாது. அதைவிடப் பெரிய குறை, சுயேச்சையான அமைப்பு எதனிடமும் சான்று வாங்காமல் ஆள் ஏற்றியது.

மத்ஸ்யாவின் கூடு கோளம். உள்விட்டம் 2.1 மீட்டர், சுவர் 80 மி.மீ., 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்த டைட்டானியம். கோளத்தில் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பகிர்ந்துகொள்ளும். 600 பாரில் சுவரில் வரும் தகைவு ஏறத்தாழ 410 மெகாபாஸ்கல், அந்த உலோகம் தாங்குவதில் பாதி. இரு அரைக்கோளங்களை இஸ்ரோ எலக்ட்ரான் கற்றையால் பற்றவைக்கிறது. இதில் அவசரமே கூடாது. 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் நீர்ச் சோதனை நடந்தது. படிப்படியாக ஆழம் கூட்டிச் சோதிப்பதில் வருடங்கள் போனாலும் அது சரியான வழிதான்.

பர்கூரிலிருந்து ஒரு மாணவி: இந்தத் துறைக்குப் போக என்ன படிக்க வேண்டும்?

'கடல்' என்ற பெயர் கொண்ட படிப்பு முதலிலேயே வேண்டியதில்லை. மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன், இயற்பியல் எதுவானாலும் சரி. பிறகு சென்னை ஐஐடியின் கடல்சார் பொறியியல் துறை, கொச்சிப் பல்கலைக்கழகத்தின் கடலியல் முதுகலை, கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம் என்று வழிகள் உண்டு. இப்போதே செய்யக்கூடியது: கணிதத்தில் வகைக்கெழுச் சமன்பாடு, பைத்தான் நிரல், கையால் சாலிடரிங். ஆர்கோ தரவுகள் அத்தனையும் இணையத்தில் இலவசம். வங்கக் கடலில் ஒரு மிதவையின் ஓராண்டு அளவுகளை எடுத்து, ஆழத்துக்கு எதிராக உப்பையும் வெப்பத்தையும் வரைந்து பாருங்கள். ஊத்தங்கரை வாசகருக்குச் சொன்ன படலங்கள் கண்முன்னே தெரியும்.

கிருஷ்ணகிரியிலிருந்து பொறியியல் மாணவர்கள்: எங்கள் வண்டியை கே.ஆர்.பி. அணையில் சோதித்துவிட்டு ராமேஸ்வரம் கொண்டுபோக விரும்புகிறோம். என்ன கவனிக்க வேண்டும்?

அணையில் இறக்க நீர்வளத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும். மதகுப் பக்கம் போகவே கூடாது. முழுக் கொள்ளளவில் அணையின் நீர்மட்டம் 52 அடிதான், ஒன்றரை பாருக்குச் சற்று மேல். அந்த ஆழத்துக்கு ஒரு நல்ல கிணறே போதும், தண்ணீரும் தெளிவாக இருக்கும். கைவிட்ட கிரானைட் குவாரிக் குட்டை வேண்டாம். செங்குத்துப் பாறை, ஏற வழியிருக்காது.

கடலுக்குப் போகும்போது மாறுவது மிதப்பு. நன்னீர் லிட்டருக்கு 1000 கிராம், கடல்நீர் 1025. உங்கள் வண்டி 10 லிட்டர் நீரை விலக்கினால், கிணற்றில் மிதக்காமலும் மூழ்காமலும் நின்ற அதே வண்டி கடலில் 250 கிராம் விசையோடு மேலே வரும். அதை அமுக்கிப் பிடிக்கவே செங்குத்துத் திரஸ்டர் ஓயாமல் ஓடிப் பேட்டரியைத் தின்றுவிடும். கூடுதல் எடையை முன்பே தயார் செய்துகொள்ளுங்கள். இரும்புக்கும் மிதப்பு உண்டு, கடலில் ஒரு கிலோ இரும்பு 870 கிராம்தான் இழுக்கும். ஆகவே 250 கிராமுக்கு 290 கிராம் இரும்பு. 50, 20 கிராம் துண்டுகளாக நறுக்கி, வண்டியின் அடிச்சட்டத்தில் முன்னும் பின்னும் நகர்த்தும்படி மாட்டுங்கள். எடை எப்போதும் கீழே, மிதவை எப்போதும் மேலே. இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால் வண்டி சின்ன அலைக்கே குப்புறக் கவிழும்.

மாதத்துக்கு மாதம் கரையோர நீரின் உப்பு மாறும் என்பதால் கணக்கோடு நிற்காதீர்கள். இறக்கும் இடத்திலேயே ஒரு டிரம் கடல்நீர் மொண்டு, வண்டியை முழுக மிதக்கவிட்டுத் துண்டுகளைக் கூட்டிக் குறையுங்கள். உச்சியில் மட்டும் ஒரு விரல்கடை தண்ணீருக்கு மேல் தெரிந்தால் சரி. கேபிள் எப்போதாவது அறுந்தால் வண்டி தானாக மேலே வர அவ்வளவு மிதப்பு வேண்டும்.